இரண்டு நிமிடம் பத்தாவது நொடியில் நின்ற கை

எங்கள் ஊர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒரு அக்கா வேலை பார்க்கிறார். தமிழ் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். மனு, ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை என்று இருபது வருடமாகப் பழைய எழுத்துருவில் அடித்துக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து உடையக் கூடாது, யூனிகோடில் வேண்டும் என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்ததும் அவருக்குச் சிக்கல் வந்தது. நான் அந்தச் சமயத்தில் விண்டோஸ் 11-இல் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்து அடிப்பது எப்படி என்று ஒரு திரைப்பதிவு வீடியோ செய்து வைத்திருந்தேன். "இதைப் பாருங்கக்கா, எல்லாம் இருக்கு" என்று லிங்க்கை அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து ஆதார் நகல் எடுக்கப் போனபோது அவர் அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏ4 தாள் கட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார். வலது கை மவுஸில், இடது கை ஆள்காட்டி விரல் போன் திரைக்கு மேலே. ஓடவிடுவார், நிறுத்துவார், மவுஸை நகர்த்துவார், மறுபடி ஓடவிடுவார். இரண்டு நிமிடம் பத்தாவது நொடி வந்ததும் கை நின்றது. பின்னுக்கு இழுத்தார். மறுபடி அதே இடம். நான்கு முறை. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

அந்த இடத்தில் என் குரல் சொன்னது இதுதான்: "இப்போ இங்க போய் இதை கிளிக் பண்ணிக்கோங்க." சொல்லி முடிப்பதற்குள் அம்புக்குறி கீழிருந்து மேலே பறந்து எதையோ அழுத்தி, வேறொரு பக்கம் திறந்துவிட்டது. நான் அழுத்தியது 'தமிழ்' என்ற வரிசையின் வலது ஓரத்தில் இருக்கும் மூன்று சின்னப் புள்ளிகளை. என் 24 அங்குல மானிட்டரில் அவை தெளிவாகத் தெரிந்தன. அவர் போனில் தூசி அளவுகூட இல்லை.

"தம்பி, நீங்க சொல்றதுக்குள்ள அது ஓடிப்போயிடுது" என்றார் திரும்பிப் பார்த்து.

அதற்கு முன்பே கிட்டத்தட்ட முப்பது வீடியோ செய்திருந்தேன். யாரும் என் வீடியோவைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வதை அருகில் நின்று பார்த்ததில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் கற்றதை வைத்துத்தான் இன்றுவரை பதிவு செய்கிறேன். திரைப்பதிவு செய்ய நினைக்கும் ஆசிரியர்கள், அலுவலகப் பயிற்சி கொடுப்பவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோருக்கும் அது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் 'இங்கே', 'இது' என்ற இரண்டு சொற்களை விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போது அவை சரி, விரல் நீட்டுகிறோம். பதிவில் விரல் கிடையாது. இப்போது இடம், பெயர், செயல் என்ற வரிசையில் சொல்கிறேன். "தமிழ் என்று எழுதியிருக்கும் வரிசையின் வலது ஓரம் பாருங்கள். மூன்று புள்ளிகள் இருக்கின்றன. அவற்றைக் கிளிக் செய்யுங்கள்." இடத்தைச் சொன்னதும் அவர் கண் அங்கே போய்விடும். பெயரைச் சொன்னதும் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் என் அம்புக்குறி நகரும். போய்ச் சேர்ந்ததும் ஒரு நொடி அசையாமல் நிற்கும். கிளிக் செய்த பின் இன்னொரு நொடி. குரல் முன்னால் போக வேண்டும், மவுஸ் பின்னால் வர வேண்டும். பதிவு செய்பவருக்கு அந்த நொடிகள் யுகமாகத் தோன்றும். போனில் பார்ப்பவருக்கு அதுதான் மூச்சு விடும் நேரம்.

பேசும் நேரத்தில் மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம் நம் பலருக்கு உண்டு. சொல்லும் வார்த்தைக்கு அடியில் வட்டம் போடுவது, காரணமில்லாமல் மேலும் கீழும் உருட்டுவது. பார்ப்பவர் கண் அசைவதன் பின்னால்தான் போகும். அதனால் பேசும்போது மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். சின்ன விஷயம்தான், ஆனால் வீடியோ அமைதியாகிவிடுகிறது.

அடுத்தது திரையின் அளவு. 1920க்கு 1080 அளவில் முழுத்திரையும் பதிவு செய்தால் நமக்கு அழகாக இருக்கும். ஆறு அங்குல போனில் மெனு எழுத்துகள் எறும்பு வரிசைதான். நான் திரையை 1280க்கு 720 ஆக்கிக்கொண்டு, எழுத்து இன்னும் சின்னதாகத் தெரிந்தால் விண்டோஸின் ஸ்கேல் அளவையும் கூட்டிக்கொள்கிறேன். அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸில் அம்புக்குறியைப் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டேன். அந்த மூன்று புள்ளி மாதிரியான இடங்களுக்கு சூம்இட் என்ற இலவசக் கருவி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் கிடைக்கும். கண்ட்ரோலும் 1-உம் அழுத்தினால் அம்புக்குறி இருக்கும் இடம் பெரிதாகும். கண்ட்ரோலும் 2-உம் அழுத்தினால் திரைமேல் கோடு வரையலாம். எஸ்கேப் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். ஒரு வீடியோவில் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் பெரிதாக்குவதில்லை. அடிக்கடி செய்தால் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதே பார்ப்பவருக்கு மறந்துபோகும்.

எந்த வீடியோவையும் வெளியிடுவதற்கு முன் என் போனில் போட்டு, கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் பார்க்கிறேன். வாசிக்க முடியாத எழுத்து ஒன்று இருந்தாலும் அந்தத் துண்டை மறுபடி பதிவு செய்கிறேன்.

தமிழ் தட்டச்சு சொல்லிக்கொடுப்பதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தமிழ் 99 என்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். அதன் பெரிய வசதி புள்ளி தானாக விழுவது. 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டல்: அ, ம, ம, ஆ. இரண்டாவது ம விழுந்ததும் முதல் ம-வின் தலையில் புள்ளி தானாக ஏறிக்கொள்ளும். 'பந்து' என்றால் ப, ந, த, உ. இங்கேயும் ந-வுக்கு நாம் புள்ளி வைக்க வேண்டியதில்லை.

இதைத் திரைப்பதிவில் காட்டினால் என்ன ஆகும்? பார்ப்பவருக்குத் திரையில் 'ம்ம' தெரிகிறது. புள்ளி எப்போது அடித்தார், எந்த விசையில் அடித்தார் என்று தேடுவார். அக்காவும் அப்படித்தான் தேடினார். பழைய தட்டச்சு முறையில் புள்ளியைத் தனியாக அடித்துப் பழகிய கை அவருடையது. நான் எத்தனை முறை "தானாக வரும்" என்று சொன்னாலும், அவர் கை புள்ளி விசையைத் தேடிக்கொண்டே இருந்தது. திரையில் விளைவு மட்டும்தான் தெரிகிறது, விரல் தெரியவில்லை.

முதலில், நாம் அழுத்தும் விசைகளைத் திரையில் காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அது க அடித்தால் ஆங்கில ஹெச் என்றும், ம அடித்தால் ஆங்கில கே என்றும் காட்டியது. பார்த்தவர்கள் 'ஹெச்தான் க' என்று மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்து வழியாக நினைவில் வைப்பது இரட்டை வேலை, வேகம் வரவே வராது. அந்த வழியை விட்டுவிட்டேன்.

தீர்வு விண்டோஸுக்குள்ளேயே இருந்தது. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை விசைப்பலகை வரும். தமிழ் 99 தேர்வில் இருந்தால் அதில் தமிழ் எழுத்துகளே தெரியும். நாம் கையால் விசைப்பலகையில் தட்டும்போது திரையிலும் அந்தந்த விசை மின்னும். அதைத் திரையின் கீழ்ப் பாதியில் வைத்துக்கொண்டு 'அம்மா' அடித்தேன். அ மின்னியது, ம மின்னியது, ம இன்னொரு முறை மின்னியது, ஆ மின்னியது. புள்ளி விசை மின்னவே இல்லை. அந்த ஒரு காட்சிக்குப் பிறகு அக்கா புள்ளியைத் தேடவில்லை.

எந்தப் பாடமாக இருந்தாலும் திரையில் தெரியாத ஏதோ ஒன்றை நம் கை செய்துகொண்டிருக்கும். குறுக்குவிசை, வலது கிளிக், ஷிஃப்டை அழுத்திப் பிடித்திருப்பது, எல்லாம் நமக்குப் பழக்கத்தில் ஓடும். பதிவுக்கு முன் ஒரு முறை முழு வேலையையும் செய்து, ஒவ்வொரு அசைவிலும் 'இது திரையில் தெரிகிறதா?' என்று கேட்டுக்கொள்வது நல்லது. தெரியாதவற்றை வாயால் சொல்ல வேண்டும், அல்லது வேறு வழியில் காட்ட வேண்டும்.

அக்காவிடம் கற்ற இன்னொன்று என் வழக்கத்தையே தலைகீழாக மாற்றியது. விண்டோஸில் தமிழைச் சேர்த்தவுடன் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தமிழ் 99 ஆக இருக்காது, இன்ஸ்கிரிப்ட் போன்ற வேறு விசைப்பலகை வந்து நிற்கும். "தமிழ் சேர்த்துட்டேன், ஆனா வேற எழுத்து விழுது" என்பதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. அதனால் வீடியோவில் முதலில் தவறான வழியைச் செய்துகாட்டி, "பார்த்தீர்களா, இப்படிச் செய்தால் இந்தப் பிரச்சினை வரும்" என்று விளக்கியிருந்தேன். வகுப்பறையில் எப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். அக்கா என்ன செய்தார்? வீடியோவோடு கூடவே செய்துகொண்டு வந்ததால் தவறான வழியையும் அப்படியே செய்துவிட்டார். "இப்படிச் செய்யக் கூடாது" என்று நான் சொல்லும் நேரத்துக்கு அவர் கணினியில் அது முடிந்திருந்தது. இப்போது எச்சரிக்கையைச் செயலுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தவறைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதைக் கடைசியில் தனிப் பகுதியாக வைத்து, "மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பாருங்கள்" என்று சொல்லித் தொடங்குகிறேன்.

நான் தொடங்கும் திரையும் பார்ப்பவர் தொடங்கும் திரையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். என் கணினியில் தமிழ் ஏற்கெனவே இருந்தது, பின்னணி கறுப்பு, டாஸ்க்பாரில் இருபது ஐகான். புதிதாகக் கற்பவர் திரையில் இவை எதுவும் இருக்காது. பதிவுக்கென்றே விண்டோஸில் புதிதாக ஒரு யூசர் அக்கவுண்ட் உருவாக்கினேன். எந்த மாற்றமும் செய்யாத, பெட்டியிலிருந்து எடுத்தது போன்ற திரை. அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. முன்பு ஒரு முறை பதிவின் நடுவே வாட்ஸ்அப் செய்தி ஒன்று திரையின் ஓரத்தில் எட்டிப்பார்த்தது. என் சொந்தக்காரர் ஒருவரின் மருத்துவப் பரிசோதனை முடிவு. நான் கவனிக்கவில்லை. வீடியோ வெளிவந்த மறுநாள் பார்த்த ஒருவர்தான் எனக்குத் தனியாகத் தெரிவித்தார். உடனே நீக்கினேன். ஆனால் ஒரு நாள் முழுக்க அது அங்கே இருந்தது என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. தனி அக்கவுண்ட்டில் வாட்ஸ்அப் கிடையாது, மெயில் கிடையாது, பழைய தேடல்கள் எட்டிப்பார்க்காது.

திரைப்பதிவு மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம், போதுமானது. ஒரே ஒரு எச்சரிக்கை. நான் தொடக்கத்தில் எம்பி4 வடிவத்தில் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் இருபத்தைந்து நிமிடப் பதிவு முடியும் தறுவாயில் மின்சாரம் போனது. கோப்பு இருந்தது, திறக்கவில்லை. சாதாரண எம்பி4 கோப்பு பதிவு ஒழுங்காக முடிந்தால்தான் முழுமை பெறும். எம்கேவி வடிவத்தில் வைத்தால் நின்ற இடம் வரைக்கும் கிடைத்துவிடும். பிறகு ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் என்பதில் கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். அண்மைப் பதிப்புகளில், பாதியில் நின்றாலும் பதிவு வீணாகாத ஹைப்ரிட் எம்பி4 என்ற வகையும் வந்திருக்கிறது. யூபிஎஸ் இல்லாத வீட்டில் இந்த ஒரு மாற்றத்தை முதலில் செய்துவிடுங்கள்.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் சரியில்லை என்றால் நகர்ந்துவிடுவார்கள். எனக்கு மூன்று எதிரிகள்: மின்விசிறி, தெருவில் வரும் ஒலிபெருக்கி வண்டி, மார்கழிக் காலையில் கோயில் ஸ்பீக்கர். மார்கழியில் இரவு பத்து மணிக்கு மேல் பதிவு செய்கிறேன். மற்ற மாதங்களில் விடிவதற்கு முன். விசிறியை நிறுத்திவிட்டு, பீரோவைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினால் எதிரொலி நன்றாகக் குறைகிறது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் 'ப', 'ஃப' சொல்லும்போது காற்று இடிக்காது. பேசத் தொடங்கும் முன் ஐந்து நொடி மௌனமாக இருப்பேன். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த ஐந்து நொடியைத்தான் இரைச்சலின் மாதிரியாகக் கொடுத்து இரைச்சலைக் குறைக்கிறேன். அளவாகக் குறைக்க வேண்டும். அதிகமாகப் போனால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். வாய் தவறினால் பதிவை நிறுத்துவதில்லை. ஒரு முறை கை தட்டிவிட்டு, மூன்று நொடி பொறுத்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்கிறேன். கைதட்டல் ஒலிவரைபடத்தில் ஊசி போல எழுந்து நிற்கும். வெட்ட வேண்டிய இடங்களைத் தேடிக் கேட்க வேண்டியதில்லை.

நீளம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர்கள் அதில் நிற்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று அதில் கண்டார்கள். அக்காவுக்கு அனுப்பிய அந்தத் தமிழ் 99 வீடியோ 42 நிமிடம். ஆனால் ஆறு நிமிடம் என்று கடிகாரத்தை வைத்து வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வீடியோவுக்கு ஒரு வேலை. அது முடிந்தால் வீடியோ முடிய வேண்டும். விசைப்பலகையைச் சேர்ப்பது ஒன்று. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவது ஒன்று, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தினால் போதும், ஒன்றேகால் நிமிட வீடியோ. உயிர்மெய் அடிப்பது ஒன்று. அந்த 42 நிமிடம் பதினான்கு துண்டானது. தலைப்பும் அவரவர் கேள்வியாகவே இருக்கும்: 'தமிழ் சேர்த்தும் வேறு எழுத்து விழுகிறதா?'

எழுதிவைத்துப் பேசுவதா, தோன்றியபடி பேசுவதா என்பதில் எனக்குக் குழப்பம் இருந்தது. ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தின் வீடியோக்களைப் பார்த்தபோது அது தெளிந்தது. சுமார் பத்து நிமிடப் பாடங்கள், தமிழ் உட்படப் பல மொழிகளில் குரல். திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறுபாதியில் மென்பொருளைத் திறந்து கூடவே செய்து பார்க்கச் சொல்கிறார்கள். அவர்கள் உரையைப் பக்கத்தில் பக்கமாக இரண்டு நெடுவரிசையாக எழுதுவார்கள்: ஒன்றில் திரையில் என்ன நடக்கிறது, இன்னொன்றில் குரல் என்ன சொல்கிறது. நானும் அப்படியே கோடு போட்ட நோட்டில் எழுதத் தொடங்கினேன். இடப்பக்கம் காலியாக இருந்து வலப்பக்கம் எட்டு வரி ஓடினால் அங்கே நான் வளவளவென்று பேசுகிறேன் என்று பொருள். வலப்பக்கம் காலியாக இருந்து இடப்பக்கம் மூன்று கிளிக் இருந்தால் யாரோ ஒருவர் கை அங்கே நிற்கப் போகிறது. அந்தத் திட்டத்தில் பதிவுக்கு முன்பே, அந்த மென்பொருளைத் தெரியாத ஒருவரிடம் உரையைக் கொடுத்துச் சரிபார்க்கும் வழக்கமும் உண்டு. எனக்கு அந்த ஒருவர் ஜெராக்ஸ் கடை அக்கா.

பேசுவதையே திரையில் பெரிய எழுத்தில் போடுவதையும் நிறுத்தினேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைப் பல வருடம் சோதித்தவர். படமும் பேச்சும் போதும் என்ற இடத்தில் அதே பேச்சை எழுத்திலும் போட்டால் கற்பது குறைகிறது என்பது அவர் கண்டது. கண் எழுத்தை வாசிக்கப் போய்விட்டால் மவுஸ் நகர்வதைப் பார்க்க ஆள் இல்லை. காது கேளாதவர்களுக்கு வரித்தலைப்பு (சப்டைட்டில்) கண்டிப்பாக வேண்டும். அதை வேண்டும்போது போட்டுக்கொள்ளும் வகையில் தனிக் கோப்பாகக் கொடுக்கிறேன்.

பெயர்களை எந்த மொழியில் சொல்வது? அவர் திரையில் 'செட்டிங்ஸ்' என்று இருந்தால் நான் 'அமைப்புகள்' என்று சொன்னால் தேடிக்கொண்டிருப்பார். திரையில் இருக்கும் பெயரை அப்படியே சொல்லிவிட்டு, அது எதற்கு என்பதைத் தமிழில் ஒரு முறை விளக்குகிறேன். தமிழ் மேல் இருக்கும் பற்றால்தான் இந்த வேலையே செய்கிறேன். அதனாலேயே, ஒருவர் தமிழில் அடிக்கத் தொடங்கும் முன்பே பட்டன் கிடைக்காமல் எழுந்து போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

புதிய பதினான்கு வீடியோவையும் அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கடையில் கூட்டம் இருக்காது, அப்போது போவேன். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் நிறுத்தும் நொடியை மட்டும் குறித்துக்கொள்வேன். வாய் திறக்க மாட்டேன். அதுதான் கஷ்டம். அவர் தடுமாறும்போது "அந்தப் பக்கம், மேலே" என்று நாக்கின் நுனிவரை வரும். சொல்லிவிட்டால் வீடியோவின் குறை எனக்குத் தெரியாமல் போய்விடும். முதல் சுற்றில் பதினொரு இடம். திருத்திப் பதிவு செய்தபின் மூன்று.

போன மாதம் அவர் கூப்பிட்டார். கடையின் இரண்டாவது கணினி பழையது, விண்டோஸ் 10. "தம்பி, இதுல அந்த மூணு புள்ளியே இல்லையே" என்றார். சரிதான். அதில் 'தமிழ்' மேல் கிளிக் செய்தால் அடியில் 'ஆப்ஷன்ஸ்' என்ற பட்டன் வரும். பதினான்கில் அந்த ஒன்றை மட்டும் விண்டோஸ் 10-க்காகத் தனியாகப் பதிவு செய்தேன், ஒரு நிமிடம் ஐம்பது நொடி. மறுநாள் மதியம் அவர் அதைத் தாள் கட்டின் மேல் சாய்த்து வைத்து ஓடவிட்டார். ஆப்ஷன்ஸ் வரும் இடத்தில் கை ஒரு முறை நின்றது, உடனே நகர்ந்தது. நொடியைக் குறித்துக்கொண்டேன்.